நின்றுபோன எடையும் நிறுத்தக்கூடாத உணவும்



இத்திங்களில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, தாய் ஒருவர் தம் மகளைக் குறித்து எழுதியது. மகளுக்கு வயது 34, பள்ளி ஆசிரியை, இரு பிள்ளைகளுக்குத் தாய். 118 கிலோ எடையும், அதனோடு சேர்ந்து வந்த நீரிழிவும் முழங்கால் வலியும் வாட்டவே, எட்டு மாதங்களுக்கு முன்பு இரைப்பையைச் சுருக்கும் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். எடை விரைந்து குறைந்து 86 கிலோவுக்கு வந்தது. அதன்பின் ஐந்து வாரங்களாக எடைப்பொறியின் எண் அசையவில்லை. "இவ்வளவு பணத்தைக் கொட்டியும் வாயைக் கட்டத் தெரியவில்லையே" என்னும் பேச்சு வீட்டில் எழுந்தது. மகள் முதலில் இரவு உணவை விட்டார். பின்னர்க் காலை உணவையும் விட்டார். சென்ற வாரம் வகுப்பறையில் மயங்கி விழுந்தார். "உண்டாலும் எடை நிற்கிறது, உண்ணாவிட்டாலும் நிற்கிறது. நான் அவளுக்கு என்னதான் சமைத்துப் போடுவது?" என்று அந்தத் தாய் வினவுகிறார்.

இவ்வினா ஓர் இல்லத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்தில் பெருநகர்களின் செல்வர்கள் மட்டுமே அறிந்திருந்த இம்மருத்துவம் இன்று நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியிருக்கிறது. நகையை அடகு வைத்தும், சேமிப்பை எடுத்தும் இதனைச் செய்துகொள்வோர் உண்டு. அறுவைக்கு முந்திய நாள்வரை எல்லாரும் துணை நிற்கின்றனர். எடை நின்ற நாளிலோ அதே உறவினர் நீதிபதிகளாகி விடுகின்றனர். ஆகவே இத்திங்கள் இப்பொருளைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறோம்.

அறுவை செய்வது யாது?

உடல் எடைக்கென அறுவை செய்யும் முயற்சி 1950களில் அமெரிக்காவில் தொடங்கிற்று. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதனைச் சிறுகுடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறைக்கு வழிகோலினார். இன்று அந்தப் பை ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் அளவில் அமைக்கப்படுகிறது. அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. இப்பொழுது உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' என்னும் முறை. இதில் இரைப்பையின் முக்காற் பங்குக்கும் சற்று மேலாகவே நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குழல்போல் ஆக்கப்படுகிறது. அக்குழல் தொடக்கத்தில் நம் வீட்டுக் காப்பித் தம்ளர் ஒன்றின் அளவே கொள்ளும்.

இடத்தைச் சுருக்குவதோடு இதன் வேலை முடிந்துவிடுவதில்லை. 'கிரெலின்' என்னும் பசி ஹார்மோனை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அதனை மிகுதியாகச் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி ஸ்லீவ் முறையில் நீக்கப்படுவதால் பசி தணிகிறது. குடலில் சுரந்து 'போதும்' என்னும் நிறைவை மூளைக்கு உணர்த்தும் வேறு ஹார்மோன்கள் இவ்விரு முறைகளுக்குப் பின்னும் பெருகுகின்றன. எனவேதான் முதல் மாதங்களில் எடை வேகமாக இறங்குகிறது. ஆயினும் இவ்விறக்கம் மலைச்சரிவில் உருளும் கல்லைப் போன்றதன்று. படிக்கட்டில் இறங்குவதைப் போன்றது. ஒவ்வொரு படியிலும் சிறிது நிற்கும்.

எடை நிற்பது ஏன்?

முதற் படி பெரும்பாலும் அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. நம் உடல் அவசரத் தேவைக்கென மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். உணவு திடீரெனக் குறைந்ததும் இச்சேமிப்பு செலவாகிறது. உடன் இருந்த நீரும் வெளியேறுகிறது. முதற் பத்து நாள்களில் எடை மளமளவெனக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர்ச் சிறிது உண்ணத் தொடங்கியவுடன் சேமிப்பும் அதற்குரிய நீரும் ஓரளவு திரும்புகின்றன. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும். வெளியே எண் மட்டும் நிற்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாள்களில் நீர் தங்குவதும் உண்டு. இத்தகைய நிறுத்தம் ஒருசில வாரங்களில் தானே விலகிவிடும்.

ஆறாம் மாதத்துக்குப் பின் வரும் நிறுத்தம் வேறு வகையைச் சார்ந்தது. 118 கிலோ உடலைச் சுமந்து நடக்கத் தேவையான ஆற்றல் 86 கிலோ உடலுக்குத் தேவையில்லை. மேலும், எடை இழந்த உடல் தன் அளவுக்குரிய செலவையும் விடக் குறைவாகவே செலவிடப் பழகிக்கொள்கிறது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதற்கென அமைந்த இத்தன்மை, உரியவர் விரும்பித்தான் எடையைக் குறைக்கிறார் என்பதை அறியாது.

இவ்வுண்மையை விளக்கமாகக் காட்டியது, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் நடத்திய ஆய்வு. இரண்டாம் உலகப் போரில் பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறிய, போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர் தாமே முன்வந்தனர். 1945இல் ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். தொடக்கத்தில் விரைந்து இறங்கிய எடை முடிவை நெருங்க நெருங்க அதே உணவில் ஏறத்தாழ நின்றுபோயிற்று. ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியிருந்தது. கால்களில் நீர் கோத்தது, குளிர் தாங்கவில்லை, மனம் சோர்ந்தது, இரவும் பகலும் உணவைப் பற்றிய எண்ணமே நிறைந்தது. இதன் முடிவுகள் 1950இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன.

அந்த 36 பேரும் ஆய்வாளர் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஒளித்து உண்டதால் எடை நின்றது என்று அவர்களைப் பழிக்க இயலுமா? எடை நின்றவர்மீது குற்றப்பத்திரிகை வாசிக்கும் முன் இதனை நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.

போசனப்பிரியம் என்னும் பழி

தலையான பாவங்கள் ஏழு என ஞானோபதேசத்தில் பயின்ற நாம், பருத்த உடலைக் கண்டதும் அது போசனப்பிரியத்தின் அடையாளம் என்று தீர்மானித்து விடுகிறோம். 1986இல் டென்மார்க் நாட்டில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரின் உடல் எடை ஆராயப்பட்டது. அது அவர்களைப் பெற்றவரின் உடல்வாகோடு ஒத்திருந்தது. உணவிட்டு வளர்த்தவரின் உடல்வாகோடு தொடர்பு காணப்படவில்லை. உடல்வாகு பெருமளவு பிறப்போடு வருவது என்பதற்கு இது வலிய சான்று. உணவும் உழைப்பும் பொருட்டல்ல என்பது இதன் பொருளன்று. ஆனால், ஒருவருடைய எடையை வைத்து அவருடைய ஒழுக்கத்தை எடைபோட நமக்கு உரிமையில்லை.

மடல் எழுதிய அம்மையார் வேறொரு கணக்கையும் காணவேண்டும். அவர் மகள் இழந்தது 32 கிலோ. 118 கிலோவில் அது 27 விழுக்காடு. ஸ்லீவ் முறையால் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது, ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் 25 முதல் 30 விழுக்காடு வரை குறைவதே. அதாவது, எட்டு மாதங்களிலேயே அம்மகள் உரிய இலக்கை அடைந்துவிட்டார். இன்னும் சில கிலோ இறங்கலாம், இறங்காமலும் போகலாம். எவ்வாறாயினும் தோற்றுப்போனவர் என்று அவரை எவரும் சொல்ல இயலாது. நீரிழிவு எந்நிலையில் உள்ளது, முழங்கால் மாடிப்படி ஏற இடந்தருகிறதா, உறக்கம் சீராகியிருக்கிறதா என்பவற்றையும் அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

சுவீடன் நாட்டில் 1987 முதல் அறுவை செய்துகொண்டவர், செய்துகொள்ளாதவர் என 4,047 பேர் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். பைபாஸ் செய்துகொண்டவர்களின் எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரி 32 விழுக்காடு குறைந்தது. பத்தாண்டு முடிவில் 25 விழுக்காட்டில் நிலைத்தது. அதாவது சிறிது எடை திரும்புவது பொது இயல்பு. அவ்வாறு திரும்பியபோதிலும், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவாக இருந்தமை 2007இல் வெளியான முடிவுகளால் தெளிவாயிற்று.

பட்டினி மருந்தாகாது

எடை நின்றவுடன் உணவை மேலும் வெட்டுவது இயல்பாகத் தோன்றும் வழி. ஆயினும் அது கேடு விளைக்கும் வழி. காப்பித் தம்ளர் அளவே கொள்ளும் வயிற்றுக்கு ஒருவேளை உணவை விட்டால் அதனை அடுத்த வேளையில் ஈடுசெய்ய இடமில்லை. புரதம் போதாதபோது உடல் தன் தசையையே எடுத்துச் செலவிடும். தசை குறைந்தால் உடலின் ஆற்றல் செலவு மேலும் குறையும்; எடை இன்னும் உறுதியாக நிற்கும். மயக்கமும் முடி உதிர்தலும் தளர்ச்சியும் தொடரும்.

ஆகவே அறுவை செய்துகொண்டவர் தட்டில் முதலிடம் புரதத்துக்கே. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை என்பது மருத்துவர் பொதுவாகக் கூறும் அளவு. நம் சமையலறைக் கணக்கில் இது எளிதன்று. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு; 200 மில்லி லிட்டர் பாலில் 6 அல்லது 7 கிராம்; வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 கிராமுக்குச் சற்று மேல்; 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம்; 100 கிராம் பன்னீரில் ஏறத்தாழ 18 கிராம். இட்லி ஒன்றிலோ ஏறத்தாழ 2 கிராம்தான். இரண்டு இட்லியோடு வயிறு நிறைந்துவிட்டால் மகள் 'நன்றாகச் சாப்பிட்டாள்' என்று தாய் மகிழலாம். உடலுக்குக் கிடைத்ததோ மிகச் சிறிது. இவ்விடைவெளியை நிரப்பவே மருத்துவர் புரதப் பொடியை எழுதித் தருகிறார். அதனை வீண் செலவென்று நிறுத்திவிடலாகாது.

சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றி உண்பது நம் வழக்கம். இவர்கள் அம்முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். குழம்பிலுள்ள மீன் அல்லது முட்டை முதலில். சைவ உணவினர்க்குப் பருப்போ பன்னீரோ சுண்டலோ முதலில். அடுத்து காய்கறி. இடமிருந்தால் கடைசியில் இரண்டொரு கவளம் சோறு. ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். உணவோடு நீர் பருகவேண்டாம். உண்டபின் அரைமணி நேரம் கழியட்டும். நாள் முழுவதும் சிறுசிறு மிடறாக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர் சேரட்டும்.

மெய்யாகவே கவனிக்க வேண்டியவை

எடை நிற்பதெல்லாம் உடலின் இயல்பே என்று கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. சில வழக்கங்கள் நம்மை அறியாமலே நுழைந்துவிடும். வயிறு சிறுத்ததால் கறியும் காயும் சிரமம் தருகின்றன. மென்மையானவை எளிதில் வழுக்கிச் செல்கின்றன. பாயசம், ஐஸ்கிரீம், பழச்சாறு, இனிப்புக் காப்பி ஆகியவற்றுக்குச் சிறிய வயிறு ஒரு தடையே ஆகாது. நாளொன்றுக்கு நான்கு தம்ளர் காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை எனக் கொள்வோம். 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. மாதத்துக்கு 4,800 கலோரி. மிக்சர் 100 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி உண்டு. ஒரே நேரத்தில் உண்ணமுடியாதெனினும், பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்துக்கொண்டே மாலை முழுவதும் கொறித்தால் அது உள்ளே சென்றுவிடும். ஆகவே மூன்று நாள்கள், வாயில் போட்ட அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எழுதுபவர் அவராகவே இருக்கட்டும். மாமியாரும் கணவரும் எழுதவேண்டாம்.

சில மருந்துகளும் எடையைப் பிடித்து நிறுத்தும். இன்சுலின், நீரிழிவு மாத்திரைகளுள் சில, ஸ்டீராய்டு மருந்துகள், மனச்சோர்வுக்கான மருந்துகளுள் சில ஆகியவை இவ்வகையின. தைராய்டு சுரப்பியின் குறைவும் காரணமாகலாம். தாமாக எதனையும் நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்கவேண்டும். நடைப்பயிற்சியோடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலைதரும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், சிறு பளு தூக்குதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை போதும். ஒரே பொறி, காலை நேரம், வெறும் வயிறு. இடுப்பளவையும் மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துக்கொள்வது நலம். எடை நின்ற மாதத்திலும் இடுப்பளவு குறையக்கூடும். உணவைச் சீர்செய்தும் எடை பெரிதும் திரும்புமாயின் அதற்கும் மருத்துவம் உண்டு; புதிய ஊசி மருந்துகள் வந்துள்ளன. அவற்றை மருத்துவர் வழியாக மட்டுமே நாடவேண்டும்.

வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி முதலியன வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டியவை. ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தேவை. ஓயாத வாந்தி, நிலைதடுமாறும் நடை, பார்வைக் குழப்பம், காலில் மரமரப்பு ஆகியவை தோன்றினால் அது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். மூளையையும் நரம்பையும் அது தாக்கும். ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆசிரியைக்கு வந்த மயக்கத்தையும் அறுவை செய்த மருத்துவரிடம் உடனே தெரிவிக்கும்படி அம்மையாருக்குத் தனி மடலும் எழுதியுள்ளோம்.

ஒருசந்தியும் இவர்களும்

தவக்காலத்தில் ஒருசந்தி பிடித்தால் நின்ற எடையும் இறங்கும், ஆன்ம நலமும் கிட்டும் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஒருசந்திக் கடமை 18 முதல் 59 வயது வரையுள்ள உடல்நலம் உடையோர்க்கே உரியது. நோயுற்றோர்க்கு விலக்கு உண்டு. ஒரு வேளை முழு உணவு என்பது ஒருசந்தியின் முறை. காப்பித் தம்ளர் அளவே உண்ணக்கூடியவர்க்கு முழு உணவு என்று ஒன்று ஏது? அறுவைக்குப் பின் இவர்கள் ஒருசந்தி பிடிக்குமுன் மருத்துவரையும் பங்குத்தந்தையையும் கலந்துகொள்ளட்டும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குவதில் இடரில்லை. முட்டையும் மீனும் பருப்பும் அவ்விடத்தை நிரப்பும். தவம் செய்ய விரும்பினால் இனிப்பையும் கொறிப்பையும் விடலாம். வீட்டிலுள்ள மற்றவர்க்கும் ஒரு நல்ல தவம் உண்டு: நாற்பது நாளும் அவர் தட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருத்தல்.

இல்லத்தாருக்கு ஒரு சொல்

உணவை அன்பாகவே பரிமாறிப் பழகிய நமக்கு, "இன்னும் ஒரு கவளம்" என்று வற்புறுத்தாதிருப்பது கடினம். அதே வாயால் "இன்னுமா தின்கிறாய்?" என்று கேட்பதோ மிக எளிதாயிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர் மறைவில் உண்ணத் தொடங்குவார். அல்லது உண்ணாமலே கிடப்பார். இரண்டும் நோயை வளர்ப்பவை. கிறிஸ்து பிறப்புத் திருநாளில் பலகாரத் தட்டை நீட்டி, மறுநாள் எடைப்பொறியின்மேல் ஏறச் சொல்வது அன்பாகாது.

தாய்மார் செய்யக்கூடியது இதுவே. சிறிய தட்டு ஒன்றை எல்லாருக்கும் எடுங்கள். அவருக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம். குழம்பில் மீனையும் பருப்பையும் கூட்டி எண்ணெயைக் குறையுங்கள். அது குடும்பம் முழுவதற்கும் நல்லது. மாலையில் மிக்சர்ப் பொட்டலத்துக்கு மாறாகச் சுண்டல் வேகட்டும். அவர் மெல்ல உண்ணும் அரைமணி நேரமும் உடன் அமர்ந்து வேறு கதை பேசுங்கள். எடைப்பொறி கூடத்தில் இருந்தால் அவர் அறைக்குள் வைத்துவிடுங்கள்; அதன் எண்ணைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். மூன்று வேளையும் உண்ணச் செய்யுங்கள். எடை இறங்குகிற வாரத்திலும் நிற்கிற வாரத்திலும் உங்கள் முகம் ஒன்றுபோலவே இருக்கட்டும்.